பெயர் 32, உள்ளே 64!

கே: என்னிடம் இருப்பது 64 பிட் விண்டோஸ். அதில் ஓடும் புரோகிராம்களும் 64 பிட்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'டீடெயில்ஸ்' பக்கத்துக்குப் போய், தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'பிளாட்ஃபார்ம்' என்பதைச் சேர்த்தால் போதும். ஒவ்வொன்றின் ஜாதகமும் வெளியே வந்துவிடும்.

32 பிட் என்று வந்தால் பதற வேண்டாம், 64 பிட் விண்டோஸ் அதையும் ஓட்டும். ஆனால் 4 ஜிபிக்கு மேல் மெமரி அதற்கு எட்டாது. வீடியோ எடிட் செய்பவராக இருந்தால் 64 பிட் பதிப்புக்கு மாறியே தீர வேண்டும்.

பெரிய வேடிக்கை விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிறது: 'சிஸ்டம்32'-ல் இருப்பவை 64 பிட் ஃபைல்கள், 'சிஸ்வாவ்64'-ல் இருப்பவை 32 பிட்! பழைய புரோகிராம்கள் தடுமாறக் கூடாதென்று பெயரை மாற்றாமல் விட்டார்கள். பெயரைப் பார்த்து எதையும் அழித்துவிடாதீர்கள்.