கேடியனா, டெர்மினேட்டரா?

கேள்வி: வார்ஹாமர் 40,000 ஆட்டத்தில் 2,000 புள்ளிக்குப் படை திரட்டுகிறேன். எந்தக் காலாட்படை கட்டுப்படியாகும்?

பதில்: எத்தனை பேரைக் கொல்லும் என்று பார்க்காதீர்கள், எத்தனை இடத்தில் நிற்கும் என்று பாருங்கள். 2023-இல் வந்த பத்தாம் பதிப்பில், இலக்கைப் பிடிக்கும் வலிமை கேடியன் சிப்பாய்க்கு 2. பத்துப் பேர் நின்றால் 20. மலைபோல் கவசம் பூண்ட டெர்மினேட்டருக்கு வெறும் 1. ஐவர் சேர்ந்தாலும் 5தான். புள்ளியோ இரு மடங்குக்கும் மேல்! கேடியன்களையே மூலைக்கு மூலை நிறுத்துங்கள். செத்து விழுவார்கள், பாவம். ஆனால் எதிரி அவர்களைச் சுடும் சுற்றில் உங்கள் டாங்குகள் பிழைக்கும். அவர்களின் லாஸ்கன் துப்பாக்கியை நம்பி எதிரியின் டாங்கை மட்டும் நெருங்கிவிடாதீர்கள். இன்னொன்று, புள்ளியில் மலிவான படை பணப்பைக்கு மலிவல்ல. பொம்மைகள் கூடக்கூட வாங்கவும் வேண்டும், வண்ணமும் தீட்ட வேண்டும்.