ஜொகூர் வழியனுப்பிய டிபெண்டர்

காற்பந்தில் டிபெண்டர் பிழைப்பைப் போல ஒரு பாவப்பட்ட பிழைப்பு கிடையாது. தொண்ணூறு நிமிடமும் பந்தைத் தடுத்தால் யாருக்கும் பெயர் ஞாபகம் இருக்காது. ஒரே ஒரு தடவை வழுக்கி விழுந்து பாருங்கள்! தே தாரேக் ஆறுவதற்குள் மாசாய் மமாக் கடையில் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை நடந்திருக்கும்.

இந்த வேலையிலிருந்து தப்பித்தவர் நிம்மதியாக வீட்டில் உட்கார வேண்டாமா? சாக்ரெப்காரர் போஜான் ஹோடாக் அப்படி உட்காரவில்லை. அதைவிட நிம்மதி கெட்ட வேலையாகத் தேடிப் பிடித்தார். மலேசியாவில் கோச் ஆனார்.

2012-இல் கிளந்தானுக்கு லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் என ஒரே வருடத்தில் மூன்றையும் அள்ளிக் கொடுத்தார். சிலை வைக்க வேண்டிய சாதனைதான். ஆனால் நம் ஊர்க் கிளப்புகளில் கோச்சின் சிலைக்கும் சூட்கேஸுக்கும் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுத்துவிடுவார்கள்.

2014-இல் நம்ம ஜொகூர் கிளப் ஜேடிடிக்கு வந்தார். லீக் பட்டம் எங்கள் லார்க்கின் ஸ்டேடியத்துக்கு வந்தது. அன்றைக்கு வந்த பட்டம், பத்து வருடத்துக்கு மேல் வேறு மாநிலத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஹோடாக்கும் அப்படியே தங்கிவிட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? 2015 சீசன் முடிவதற்குள் ஆளையே காணோம்!

அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரும் பழைய டிபெண்டர்தான். அர்ஜென்டினாக்காரர். முழுப் பெயர் ரோபெர்தோ கார்லோஸ் மாரியோ கோமெஸ். ஒரே பாஸ்போர்ட்டில் பிரேசில் நட்சத்திரம், ஜெர்மன் நட்சத்திரம் இரண்டு பேரும்! அந்த அக்டோபர் 31-இல், தஜிகிஸ்தானின் துஷான்பேயில், இஸ்திக்லோலை 1-0 என்று வென்று ஏஎஃப்சி கிண்ணத்தைத் தூக்கினார். அதைத் தென்கிழக்காசியக் கிளப் ஒன்று வென்றது அதுவே முதல் தடவை. மாவாட்டியவர் ஒருவர், தோசை சுட்டவர் இன்னொருவர். சாப்பிட்ட நாங்கள் மாவாட்டியவர் பெயரை மறந்தே போனோம்.

அவர் மறக்கவில்லை போலிருக்கிறது.

2021 நவம்பர் 30, புக்கிட் ஜாலில். மலேசியக் கிண்ண இறுதியாட்டம். எதிரே கேஎல் சிட்டி, 1989-க்குப் பிறகு இந்தக் கிண்ணத்தைத் தொட்டே பார்க்காத டீம். நாங்களோ லீக் சாம்பியன். "இதெல்லாம் ஒரு மேச்சா?" என்று மீசையை முறுக்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். இடைவேளைக்குப் பிறகு ஸாஃப்ரி யாஹ்யா ஒன்று போட்டார், பாவ்லோ ஜோசுவே இன்னொன்று போட்டார். 2-0. எதிர்ப்பக்கம் கோச் யார்? வேறு யார், நாங்கள் வழியனுப்பி வைத்த அதே ஆள்தான்! டிபெண்டர் புத்தி சும்மா விடுமா? எங்கள் பணக்கார முன்கள ஆட்டக்காரர்கள் தொண்ணூறு நிமிடமும் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி, மனிதர் தெய்வமாகிவிட்டார் என்று கும்பிடப் போகாதீர்கள். அடுத்த வருடமே ஏஎஃப்சி கிண்ண அரங்கில், கொல்கத்தாவில் மோகன் பகானை 3-1 என்று விரட்டிவிட்டு இறுதியாட்டம் வரை போனார். அதுவும் சொந்த ஊர் புக்கிட் ஜாலிலில்! ஓமானின் அல்-சீப் வந்து மூன்று கோல் போட்டுவிட்டுக் கிண்ணத்தோடு ப்ளைட் ஏறியது.

பிறகு 2023-இல் இந்தோனேசியாவின் பெர்சிப் பாண்டுங்குக்குப் போய் 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெர்சிப்பில் 2018-இலேயே கோச்சாக இருந்துவிட்டுப் போனவர் யார் தெரியுமா? அதே ரோபெர்தோ கார்லோஸ் மாரியோ கோமெஸ்.