சந்தையில மாடு, மேடையில டூலு

ஏங்கண்ணு, நேத்துப் பொழுதோட திண்ணையில உக்காந்து, பொட்டியைத் தொறந்து வெச்சு, நாப்பது நிமிசம் பேசிக் காட்டினியே, அப்புச்சி தூங்கிப்போட்டாருன்னுதானே நெனச்சே? தூங்குல சாமி. அரைக் கண்ணை மூடி எண்ணிக்கிட்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட் டூலுங்கற பேச்சே பதினோராவது நிமிசத்துலதான் வந்துச்சு. அதுக்கு முந்தி உன்ற போட்டோ, நீ வளக்கற நாய் போட்டோ, ஆபீஸ் வாசல்ல நீ கையைக் கட்டிக்கிட்டு நிக்கற போட்டோ. பெங்களூர் மாநாட்டுக்குப் போறியா, பொண்ணு பார்க்கப் போறியான்னு எனக்கே சந்தேகம் வந்துபோச்சு.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா நாப்பது வருசம் கண்ணபுரம் சந்தையில மாட்டுத் தரகு பார்த்தவன். நாலு பேரு முன்னால ஒரு பொருளை எப்படி அவுத்துக் காட்டறதுன்னு தெரியும். கொம்பைப் பாரு, திமிலைப் பாரு, மயில நிறத்தைப் பாருன்னு மூச்சு விடாம சொல்றவன் மாடு நடக்காது. நல்ல மாடு வெச்சிருக்கறவன் வாயைத் தொறக்க மாட்டான், கயித்தை அவுத்து நாலு எட்டு நடக்கவிடுவான்.

நீயும் ஒரு எடத்துல நடக்கவிட்டே. முப்பத்தொண்ணாவது நிமிசம். ஒரு கடைக்காரனோட வெப் பக்கத்துல சாமானுக்கு நூறு ரூவா, கூலி அஞ்சு ரூவா, கூட்டுத்தொகை ஆயிரத்தஞ்சுன்னு காட்டுச்சு பாரு, அப்பத்தான் கண்ணை முழுசாத் தொறந்தேன். நூறும் அஞ்சும் ஆயிரத்தஞ்சு! இந்தக் கணக்கு என்ற காலத்துல இருந்திருந்தா சந்தையையே வெலைக்கு வாங்கியிருப்பேன். நூறு நம்பரா இருக்குது, அஞ்சு மட்டும் கட்டத்துல எழுதின எழுத்தா வருது, ஜாவாஸ்கிரிப்ட் ரெண்டையும் கூட்டாம ஒட்டிப்போடுதுன்னு சொன்னே. சொன்னதோட நிக்காம, அந்த வரியில பிரேக்பாயிண்ட் வெச்சு, ஓடற புரோகிராமை மூக்கணாங்கயிறு புடிச்ச மாதிரி நிறுத்தி, அஞ்சு மேல எலியைக் கொண்டுபோய் வெச்சே. ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி முளைச்சு நின்னுச்சு. அனுப்பறப்ப எல்லா வரியும் நசுங்கி ஒரே வரியாப் போயிருது, சோர்ஸ் மேப்னு ஒண்ணு இருக்கறதாலதான் நீ எழுதின வரியே திருப்பிக் கெடைக்குதுன்னும் சொன்னே. எனக்கே வெளங்குச்சுன்னா பாத்துக்க. அதைக் கொண்டாந்து மொத நிமிசத்துல கட்டு. நாயை வீட்டுல கட்டிப்போட்டுட்டுப் போ.

கேரி பெர்ன்ஹார்ட்னு ஒருத்தன் 2012ல இதே மாதிரி கோணக் கூட்டலாக் காட்டியே சபையைச் சிரிக்க வெச்சான்னு நீதானே போன்ல போட்டுக் காட்டினே? மொத்தமே நாலு நிமிசம் சொச்சம். நீ நாலு நிமிசத்துல நாய் பேரைக்கூடச் சொல்லி முடிக்கலியே!

அப்பறம் அந்த 'பத்து மடங்கு வேகம்'னு ஒரு படம் போட்டியே. எதை விடப் பத்து? சந்தையில துண்டுக்கடியில கையை விட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசுவோம். ஒரு வெரலு நூறா ஆயிரமான்னு புடிக்கறவனுக்குத்தான் தெரியும், பக்கத்துல நிக்கறவன் வாயைப் பொளந்துட்டு நிப்பான். உன்ற படமும் துண்டுக்கடி வெரலு மாதிரிதான் இருக்குது. இஎஸ்பில்டுன்னு கோடை மூட்டை கட்டற டூலு செஞ்சவன் போட்ட படத்தையும் நீதான் காட்டினே. த்ரீ ஜேஎஸ்ங்கற நூலகத்தைப் பத்து நகல் எடுத்து, கேச் இல்லாம மொதல்ல இருந்து கட்டினா, என்றது அரைச் செகண்டுக்குள்ள, வெப்பேக்கோட அஞ்சாம் வெர்சன் நாப்பது செகண்டுக்கு மேலன்னு, எந்தச் சுமையை ஏத்தி இழுக்கவிட்டான்னு எழுதியே வெச்சிருக்கான். அவனும் அவன் மாட்டுக்குத் தோதான பாரத்தைத்தான் ஏத்தியிருப்பான், அது தரகு தர்மம். ஆனாத் துண்டை எடுத்துட்டான் பாரு.

அவனோட டூலு 2020ல வந்தது. வருசம் எத்தனை போயும் வெர்சன் நம்பரு சைபர் புள்ளியிலேயே நின்னுச்சு. ஒண்ணுக்குக் கீழ நம்பரு இருந்தா எப்ப வேணாலும் மாத்துவாங்கன்னு அர்த்தமாமே. எங்க கணக்குல அது பல்லு போடாத கன்னு. ஆனா அதே கன்னுதான் வீட்ங்கற இன்னொரு டூலு வண்டியை அடியில இருந்து இழுத்துச்சு. அதனால பல்லைப் பாரு, பல்லை மட்டும் பார்த்து வெரட்டிப் போடாதே. கேக்கறவனுக்கும் பல்லைக் காட்டு. மாட்டோட பல்லைச் சொன்னேன், உன்றது இல்ல.

எல்லாத்துலயும் எனக்குப் புடிச்ச ஆளு ரையன் டால்தான். 2009ல பெர்லின் மாநாட்டு மேடையில நோட் ஜேஎஸ்னு ஒண்ணை அவுத்துவிட்டான். ஊரே வாங்குச்சு. 2018ல அதே மாநாடு, அதே ஊரு. ஏறி நின்னு, நான் செஞ்சதுல எனக்கு வருத்தமான சங்கதி பத்துன்னு தலைப்புப் போட்டுப் படிச்சான். நோட் மாட்யூல்ஸ் அதுல ஒண்ணு. உன்ற பொட்டியில எடத்தையெல்லாம் தின்னுட்டுப் படுத்திருக்கே, அந்த எருமைதான். இன்னொண்ணு இன்டெக்ஸ் ஜேஎஸ்ங்கற பேரு, வெக்கறப்ப லட்சணமா இருக்கும்னு வெச்சதாம். தன் மாட்டுச் சுழியைத் தானே தொட்டுக் காட்டறவன் சந்தையில லட்சத்துல ஒருத்தன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கலங்கின கண்ணைத் தொடைக்கறதுக்குள்ள, டீனோன்னு ஒரு புதுக் கன்னை அதே மேடையில அவுத்துவிட்டுட்டான்! தரகன்னா அவன் தரகன். பழச வித்தவனே பழசோட குத்தத்தைச் சொல்லிப் புதுச விக்கறான், ஒருத்தனும் கோவிச்சுக்கல. நீ என்னடான்னா உன்ற டூலுல குத்தமே இல்லைங்கறே. எவன் நம்புவான்?

மேடையில நின்னுக்கிட்டு, நெட்டுல இருந்து பொட்டலம் எறக்கற என்பிஎம் இன்ஸ்டாலை அடிக்காதே. மண்டபத்து வைஃபை சித்திரை மாசத்துக் கெணறு, முந்நூறு பேரு ஒரே நேரத்துல வாளி விடுவாங்க. அதுவுமில்லாம ஊர்ல எவனோ கோவிச்சுக்கிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துட்டா உன்ற கதி? 2016ல அப்படித்தானே லெஃப்ட்பேடை ஒருத்தன் உருவினான்? எழுத்துக்கு எடது பக்கம் எடம் விடற பதினோரு வரி. அதுக்குப்போயி பேபல்ல இருந்து எத்தனை பேரு வண்டி குடைசாஞ்சுது. எல்லாத்தையும் ராத்திரியே எறக்கி வெச்சுக்க. ஓடறதை ஒரு வீடியோவும் புடிச்சு வெச்சுக்க. எழுத்தைப் பெருசா வை. கருப்புத் திரையில நீ போட்ட சாம்பல் எழுத்து, ரெண்டு அடியில படுத்திருந்த எனக்கே தெரியல.

கடைசியில கேள்வி கேக்கச் சொல்லுவாங்க. ஒருத்தன் எந்திரிச்சு, எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்துன்னு ஆரம்பிப்பான். விடு, பேசட்டும். மாடு வாங்காம வெலை மட்டும் கேட்டுட்டுப் போறவன் இல்லாத சந்தை ஏது?

முடிஞ்சதும் போன் பண்ணு. நல்லாப் பேசினேன், கை தட்டினாங்கன்னு சொல்லாதே. கை எதுக்கு வேணாலும் தட்டுவாங்க. எத்தனை பேரு பாதியில எந்திரிச்சு டீக்குப் போனாங்க, அதுல எத்தனை பேரு டம்ளரோட திரும்பி வந்தாங்க, அதை மட்டும் எண்ணிச் சொல்லு.