75 வாட் இலக்கணம்

ஆர்டிஎக்ஸ் 5090 என்ற கிராஃபிக்ஸ் கார்டு 575 வாட் இழுக்கும். 2025 ஜனவரியில் கடைக்கு வந்த அந்தக் கார்டைப் பற்றி உலகம் முழுக்க எழுதிக் குவித்துவிட்டார்கள். ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டிய டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020-ஐ வாங்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவில் நின்று, "இதுல சின்னதா ஒரு கார்டு போட முடியுமாண்ணே?" என்று கேட்கும் குடும்பஸ்தரை அறிஞர் உலகம் கண்டுகொண்டதே இல்லை. அந்தப் பெருங்குறையை நீக்கவே இந்த ஆராய்ச்சி.

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. சின்னக் கணினிக்கான கார்டை வாங்குபவர் தேர்ந்தெடுப்பதில்லை, கடைக்காரரும் தேர்ந்தெடுப்பதில்லை. கேபினெட்டின் மூலையில் தூசி மண்டிக் கிடக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரப் பெட்டி தேர்ந்தெடுக்கிறது. வாங்குபவர் அதன் முடிவுக்குப் பணம் கட்டுகிறார், அவ்வளவுதான்.

ஆய்வுமுறையைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியம் அகத்திணைக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள் வகுத்திருக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். இங்கே நிலம் கேபினெட். பொழுது அந்தக் கணினி பிறந்த ஆண்டு. மெமரி, ஃபேன், முதுகிலுள்ள போர்ட்டுகள் எல்லாம் கருப்பொருள். உரிப்பொருள் ஏக்கம்: வாலரன்ட் ஆட வேண்டும் என்ற பையனின் ஏக்கம். அதை ‘ப்ராஜெக்ட் வொர்க்’ என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருப்பது இத்திணைக்குரிய துறைகளுள் ஒன்று.

நிலத்திலிருந்து தொடங்கலாம். கடைக்காரர் பக்கத் தகட்டைக் கழற்றுகிறார். செல்போன் டார்ச்சை அடித்து, ஒயர்களை விரலால் ஒதுக்கி, எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக் குனிந்து படிக்கிறார். "255 தான் சார். 6 பின் இல்ல. ஸ்லிம்மு வேற." மூன்றே வாக்கியத்தில் மூலநூல் முடிந்துவிட்டது. மீதி எல்லாம் உரை.

‘255 தான்’ என்றது மொத்த வாட்டை. அதில் ஐ5-4590 ப்ராசசருக்கு 84 போகும். ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு, யுஎஸ்பி எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். கார்டுக்கு ஒரு 75 ஒதுக்கலாம். 150 ஒதுக்கினால் வீட்டில் நிம்மதி இருக்காது.

‘6 பின் இல்ல’ என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி, நீண்ட ஸ்லாட் ஒன்று கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தரக்கூடிய உச்சம் 75 வாட். அதில் 66 வாட் 12 வோல்ட்டில் வரும், மிச்சம் 3.3 வோல்ட்டில். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். 6 பின் ஒயர் இன்னொரு 75 தரும், 8 பின் 150 தரும். எக்ஸெல் ஓட்டப் பிறந்த கணினிக்கு அந்த ஒயரை எவரும் வைத்து அனுப்புவதில்லை. சில ஸ்லிம் மாடல்களின் கையேட்டில் இந்த 75-ஐயும் குறைத்தே எழுதியிருப்பார்கள் என்பதால், கையேட்டைப் புரட்டிவிட்டுக் கடைக்குப் போவது ஆய்வு நெறி.

‘ஸ்லிம்மு வேற’ என்பது உயரத்தைக் குறித்தது. சாதாரணக் கார்டின் பின்தகடு ஏறக்குறைய 12 செ.மீ.; லோ ப்ரொஃபைல் தகடு ஏறக்குறைய 8 செ.மீ. இந்த 4 செ.மீ. இடைவெளியில் மடிந்த ஆசைகள் ஏராளம். புதுக் கார்டு என்றால் டப்பாவில் பெரும்பாலும் இரண்டு தகடும் இருக்கும். செகண்ட்ஸில் வாங்கும்போது சின்னத் தகடு மட்டும் காணாமல் போயிருக்கும். அது எங்கே போகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

இங்கே சிலர் தடை எழுப்புவர். "சாட்டா ஒயரை 6 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் கடையிலேயே தொங்குகிறதே, அது ஆகாதோ எனின்?" ஆகாது. என்னை? சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள், முனைக்கு 1.5 ஆம்பியர், ஆக 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 75 வாட் கேட்கும் வாய்க்கு இதிலிருந்து ஊட்டினால் பிளாஸ்டிக் உருகும், வாசனை வரும். "எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றிவிட்டால் எனின்?" அதுவும் எளிதன்று. 9020-இன் மதர்போர்டு கேட்பது வழக்கமான 24 பின் இணைப்பை அல்ல, டெல்லுக்கே உரிய 8 பின் இணைப்பை. கடையில் விற்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் அடங்காது, அடங்கினாலும் வாய் பொருந்தாது.

75 என்ற வரம்பைப் பெரிய கம்பெனியே தாண்டிய வரலாறும் உண்டு. 2016 ஜூனில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 480-இல் 6 பின் ஒயர் இருந்தும், ஸ்லாட்டிலிருந்து அளவுக்கு மீறி இழுப்பதைச் சோதனையாளர்கள் கருவி வைத்து அளந்து காட்டினார்கள். அடுத்த மாதமே டிரைவர் மூலம் திருத்தம் வந்தது. மதர்போர்டு மேல் அக்கறை கொண்டு உலகமே பொங்கிய அபூர்வமான வாரம் அது.

நிலம் இப்படி என்றால், அதில் விளைவது எது? 75 வாட்டுக்குள், தனி ஒயர் இல்லாமல், லோ ப்ரொஃபைலில் கிடைப்பவை ஒரு கைப்பிடிதான். ஆனால் இவற்றைப் பெயரால் அழைக்க முடியாது என்பதுதான் சிக்கல். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்குப் பாடபேதம் எப்படியோ, இந்தக் கார்டுகளை வாங்குபவர்களுக்கும் அப்படியே. ஒரே பெயர், உள்ளே வேறு வேறு பாடம்.

ஜிடி 730-ஐ எடுத்துக்கொள்வோம். 2014-இல் என்விடியா இந்த ஒரே பெயரில் மூன்று கார்டுகளை வெளியிட்டது. முதல் பாடத்தில் பழைய ஃபெர்மி சிப், 96 கோர், 128 பிட் டிடிஆர்3, 49 வாட். இரண்டாம் பாடத்தில் கெப்ளர் சிப், 384 கோர், 64 பிட் டிடிஆர்3, 23 வாட். மூன்றாவது அதே கெப்ளருக்கு ஜிடிடிஆர்5 மெமரி. டிடிஆர்3 கெப்ளரின் மெமரி வினாடிக்கு 14.4 ஜிபி கடத்தும். ஜிடிடிஆர்5 பாடம் 40 ஜிபி. டப்பாவில் கொட்டை எழுத்தில் இருப்பதோ ‘4 ஜிபி’. அந்த 4 ஜிபி பெரும்பாலும் டிடிஆர்3 பாடத்தில்தான் இருக்கும். வாய்க்கால் குறுகியிருக்கும்போது ஏரி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன?

2017-இல் வந்த ஜிடி 1030 நல்ல கார்டு. 30 வாட், ஜிடிடிஆர்5, வினாடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு ஒன்று வந்தது: 20 வாட், 16.8 ஜிபி. பல கேம்களில் வேகம் பாதிக்குப் பாதி. பெயரில் ஓர் எழுத்து மாறவில்லை. ஏஎம்டியும் சும்மா இருக்கவில்லை. ஆர்எக்ஸ் 560 என்று 1024 கோரோடு அறிமுகமான கார்டை, அதே பெயரில் 896 கோரோடும் விற்றது 2017-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பின்னாளில் ஆர்டிஎக்ஸ் 3050: 2022-இன் 8 ஜிபி பாடம் 2560 கோர், 130 வாட், 2024-இன் 6 ஜிபி பாடம் 2304 கோர், 70 வாட். விந்தை என்னவென்றால், இங்கே மட்டும் குறைக்கப்பட்ட பாடமே நம் திணைக்கு உகந்தது. ஒயர் வேண்டாம், லோ ப்ரொஃபைலிலும் கிடைக்கிறது. பணம் இருந்தால் ஆராய்ச்சியை இங்கேயே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

பாடபேதத்தை விடக் கொடியது இடைச்செருகல். 2010-இல் பிறந்த ஜிடிஎஸ் 450-இன் பயாஸைத் திருத்தி எழுதி, ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் கலை பரவியிருந்தது. விண்டோஸும் அதை அப்படியே நம்பும். 2018-இல் ஜிபியு-இசட் என்ற மென்பொருள் இத்தகைய போலிகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்றே முத்திரை குத்தத் தொடங்கியது. கணினியை ஓடவிடாமலே கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. கார்டின் முதுகைப் பார்க்க வேண்டும். அங்கே நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் சந்தேகம் கொள்க. 1050 டிஐ-யின் பாஸ்கல் சிப்பிலிருந்து அனலாக் சிக்னல் நேரடியாக வராது. மெய்யான 1050 டிஐ-க்கு 75 வாட் போதும். மூல ஜிடிஎஸ் 450-க்கோ 106. ‘டெஸ்டிங் வாரண்டி’ மட்டும் தரும் கடையில் இந்த முதுகுப் பரிசோதனையைச் செய்யாதவர் ஆய்வாளர் ஆகார்.

அடுத்து பொழுது. ஐந்து, பத்து வருடப் பழைய நிலத்தில் புதிய பயிர் எப்போதும் சரியாக வருவதில்லை. ஆர்எக்ஸ் 6400, 2022-இல் வந்தது, 53 வாட், பார்த்ததும் பிடித்துப்போகும் கார்டு. ஆனால் அதற்கு ஸ்லாட்டோடு பேச நான்கே தடங்கள். அவை நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் முழு வேகத்தில் ஓடும். 9020-இல் இருப்பது மூன்றாம் தலைமுறை. போக்குவரத்து பாதியாகிவிடும், 4 ஜிபி மெமரி நிரம்பும் கேம்களில் அது உறைக்கும். போதாததற்கு வீடியோ என்கோடர் கிடையாது; ஆட்டத்தைப் பதிவு செய்து யூடியூபில் போட நினைக்கும் பையனுக்கு இது துரோகம். இன்டெலின் ஆர்க் ஏ380-இல் ஏவி1 என்கோடர் வரை எல்லாம் உண்டு, 75 வாட்டும் பொருந்தும். ஆனால் அது ரீசைஸபிள் பார் என்ற வசதியை எதிர்பார்க்கிறது. பத்தாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசசர்களுக்கு இன்டெலே அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆக, 2019-இன் ஜிடிஎக்ஸ் 1650-தான் இந்தப் பருவத்துக்கு ஒத்துப்போகும்: 75 வாட், 896 கோர், பதினாறு தடமும் உண்டு. லோ ப்ரொஃபைலில் கிடைப்பது மட்டும் அதிர்ஷ்டம்.

ஜிடி 710, 730-இன் கெப்ளர் சிப்புகளுக்கு என்விடியா 2021-இலேயே புது கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது. அடுத்து வந்த மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு 2025 அக்டோபரோடு அவை நின்றன. அதே மாதம்தான் விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது. நான்காம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-க்கு முறைப்படி தகுதி பெறவில்லை. கார்டும் கணினியும் ஒரே மாதத்தில் ஓய்வுபெற்றதால், யார் யாருக்குப் பாரம் என்ற பேச்சு எழவில்லை.

மின்கட்டணம் ஏறுமே என்ற கவலையையும் ஆராய்ந்தாக வேண்டும். 75 வாட் கார்டு தினம் 4 மணி நேரம் முழு மூச்சில் ஓடினால் 60 நாளில் 18 யூனிட். 30 வாட் கார்டு என்றால் 7.2. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஏசி ஓடும் வீட்டில் இந்த வித்தியாசம் மீட்டருக்கே உறைக்காது. கார்டை நிர்ணயிப்பது மின்வாரியம் அல்ல, எஸ்.எம்.பி.எஸ்.தான் என்ற கருதுகோள் இங்கும் நிற்கிறது.

கடைசியாக உரிப்பொருள். 2020-இல் வாலரன்ட் வந்தபோது அறிவித்த குறைந்தபட்சத் தேவை இன்டெல் எச்டி 4000. வினாடிக்கு 30 ஃப்ரேம். 60 ஃப்ரேமுக்குப் பரிந்துரைத்தது ஜிடி 730. மூன்று பாடங்களில் எது என்று சொல்லவில்லை. ஐ5-4590-க்குள் அகமாகவே இருக்கும் எச்டி 4600, அந்த 4000-க்கு அடுத்த தலைமுறை. அதற்கென்று தனி மெமரி கிடையாது. கணினியின் ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும். இத்தகைய கணினிகள் பலவும் ஒற்றை ரேமோடுதான் கடைக்கு வருகின்றன: டிடிஆர்3-1600, வினாடிக்கு 12.8 ஜிபி. பக்கத்து ஸ்லாட்டில் இன்னொன்றைச் செருகினால் 25.6. ப்ராசசரோடு பகிர்ந்துகொண்டாலும், டிடிஆர்3 கெப்ளரின் 14.4-ஐ விட அகலமான பாதை. 6 பின் வேண்டாம், சின்னத் தகடு வேண்டாம், எஸ்.எம்.பி.எஸ். ஆட்சேபிக்காது.

கார்டே வேண்டாம், இன்னொரு ரேம் போதும் என்ற இந்த முடிவை ரிச்சி தெருக் கடையில் முன்வைத்தபோது அப்பாவுக்கு உடன்பாடு. பையன் மட்டும், "ஆர்ஜிபி லைட்டு எரியுமா அண்ணே?" என்றான். ஸ்லிம் கேபினெட்டுக்குக் கண்ணாடிக் கதவு கிடையாது என்பதால், எரிந்தாலும் யாரும் பார்க்கப்போவதில்லை; அந்த வினா இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.