பகடைத் தெய்வங்களின் பணிப்பதிவேடு: ஓர் ஆராய்ச்சி

கடவுள் உண்டா இல்லையா என்னும் கேள்வி இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பேசிவருகிறவர்கள் தொடர்ந்து பேசட்டும். உண்டு என்றே வைத்துக்கொண்டால், அவருக்கு எத்தனை ஹிட் பாயிண்ட் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். சித்தாந்திகளும் வேதாந்திகளும் ஒருவரையொருவர் மறுத்துக் கட்டுக்கட்டாக எழுதியும் இந்த ஓர் இடத்தைத் தொடாமலே விட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்னும் சிற்றூர்க்காரர்கள் 1976இல் வெளியிட்ட ஒரு மெல்லிய நூல் அந்தக் குறையைத் தீர்த்தது. ஸ்காண்டிநேவியர்களின் தலைமைத் தெய்வமான ஓடினுக்கு 300 என்றது அந்நூல்.

அறியாதார்க்குச் சிறு பாயிரம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974இல் வெளியிட்ட விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். எடுத்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். ஹிட் பாயிண்ட் என்பது அடி தாங்கும் கணக்கு. பூஜ்யத்தைத் தொட்டால் ஆள் காலி. வேடங்களில் ஒன்று கிளெரிக், அதாவது கையில் தண்டாயுதம் வைத்திருக்கும் பூசாரி. காலையில் தெய்வத்தை வேண்டி அன்றைக்கு வேண்டிய மந்திரங்களை வாங்கிக்கொண்டு, பகலெல்லாம் செலவழிப்பது அவர் தொழில்.

எந்தத் தெய்வத்தை வேண்டினார் எனின், தொடக்கத்தில் அதற்கு விடையே கிடையாது. பொதுவாகத் ‘தெய்வங்கள்’ என்று சொல்லிக் காலத்தை ஓட்டினார்கள். கைகாக்ஸ் தம் வீட்டில் நடத்திவந்த கிரேஹாக் ஆட்டத்தில் கிளெரிக் வேடக்காரர்கள் பெயர் கேட்டார்கள். அவரும் விளையாட்டாகவே இரண்டு பேரைக் கொடுத்தார். ஒருவர் புனித கத்பர்ட். நம்பாதவர்களைத் தடியால் அடித்து நம்பவைப்பவர். மற்றவர் ஃபோல்டஸ்; இவரைத் தவிர வேறு தெய்வமே இல்லை என்று இவருடைய அடியார்கள் சாதிப்பார்கள். கத்பர்ட் என்ற பெயரில் மெய்யாகவே ஒரு புனிதர் இருந்தார். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் ஆயராக இருந்து 687இல் காலமானவர். தனித்தீவில் தவம் இருந்ததற்கும், அங்குள்ள கடல் வாத்துகளைக் காத்ததற்கும் பேர்போனவர். வாத்துகளைக் காத்தவர் கையில் தடி வந்த வரலாற்றுக்குச் சான்று ஏதும் அகப்படவில்லை.

கத்பர்ட், ஃபோல்டஸ் இருவரும் நல்லவர்கள் பக்கம் போய்விட்டதால், வில்லன்கள் கும்பிட ஆளில்லாமல் போயிற்று. ஆகவே கெட்ட தெய்வங்களும் சில வந்து சேர்ந்தன. இதனாற் பெறப்படுவது யாதோ எனின், மேசைத் தெய்வம் என்பது ஒரு பணியிடம் என்பதாம். காலியிடம் முதலில் அறிவிக்கப்படும். தெய்வம் பிறகு நியமிக்கப்படும். இவ்வாய்வின் கோட்பாடு இதுவே. இனி வருவன அதற்குச் சான்றுகள்.

1976ஆம் ஆண்டு நூலின் பெயர் ‘காட்ஸ், டெமி-காட்ஸ் அண்ட் ஹீரோஸ்’. எழுதியவர்கள் ராபர்ட் குன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும். முன்னுரை எழுதிய டிம் காஸ்க்குக்கு ஒரு மனக்குறை இருந்தது. சில டன்ஜன் மாஸ்டர்கள் பரிசை வாரி இறைத்து, ஆட்டக்காரர்களை 40ஆம் லெவல் என்னும் அனுபவப் படிக்கும் மேல் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஓடினுக்கே 300தான் என்று அச்சிட்டுக் காட்டினால் அவர்கள் வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்று அவர் எண்ணினார். முன்னுரையை யார் படிக்கிறார்கள்? 300தானா, முடித்துவிடலாம் என்று கத்தியைத் தீட்டியவர்களும் இருந்தார்கள். இறைவனோடு மல்லுக்கு நிற்பது நமக்கும் புதிதன்று. நக்கீரர் நெற்றிக்கண்ணுக்கு முன்னால் நின்று வாதாடினார். சுந்தரர் உரிமையோடு வைதார். ஆனால் எதிரே நிற்பவருக்கு இன்னும் எத்தனை புள்ளி மிச்சம் என்று அவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்ததாகப் புராணத்தில் இல்லை.

1980இல் ‘டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்ற விரிந்த நூல் வந்தது. அதில் ஓடினுக்கு 400. நான்கே ஆண்டில் 100 புள்ளி ஏற்றம். அகவிலைப்படி என்று கொள்க. கிரேக்கர்களின் சியூஸுக்கும் 400. ஓடினின் மகன் தோருக்கு எவ்வளவு என்று பார்த்தால் 399 என்று போட்டிருக்கிறது. இந்த நூல் முழுவதிலும் நான் வியந்து நின்ற இடம் இதுதான். இடியையே ஆயுதமாக வைத்திருக்கும் பிள்ளை. அடிதடியில் தகப்பனுக்கு இளைத்தவன் அல்லன். ஆனாலும் பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு படி கீழேதான் உட்கார வேண்டும். ஒரே ஒரு புள்ளியைக் குறைத்து ஒரு குடும்பத்தின் மரியாதையைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அதே நூலில் இந்தியப் பகுதியும் உண்டு. இந்திரன், அக்னி, வருணன், விஷ்ணு, காளி, யமன் இவர்களுடன் கார்த்திகேயன் என்ற பெயரில் நம் முருகனும், மற்றவர்களைப் போலவே கவச எண்ணும் ஹிட் பாயிண்டும் எழுதப்பட்டு, வரிசையில் நிற்கிறார். சூரனோடு நடந்த போரில் இந்த எண்கள் என்ன ஆயின என்பதை ஆராய்வார் ஆராய்க. ஆறுமுகனுக்கும் அதே மேசையில் கிடக்கும் ஆறுமுகப் பகடைக்கும் உள்ள உறவும் தனி ஆய்வுக்கு உரியது.

அந்நூலின் முதல் அச்சில், எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளில் வரும் குதூலு கூட்டமும், எழுத்தாளர் மூர்காக்கின் கதைகளில் வரும் மெல்னிபோனேத் தெய்வங்களும் இடம்பெற்றிருந்தன. இவர்கள் புதிய தெய்வங்கள். இவர்களை வைத்து விளையாட்டு வெளியிடும் உரிமம் கேயாசியம் என்ற இன்னொரு நிறுவனத்திடம் இருந்தது. முதலில் அந்த நிறுவனத்துக்கு நன்றி அச்சிட்டார்கள். பிறகு அந்தப் பகுதிகளையே எடுத்துவிட்டார்கள். 144 பக்க நூல் 128 பக்கமாயிற்று. சியூஸுக்காக வழக்குப் போட ஆளில்லை என்பதால் அவர் உள்ளே இருக்கிறார். தெய்வத்தின் நிலைபேற்றுக்கு அடியாரைக் காட்டிலும் பதிப்புரிமை காலாவதியாவது முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

அந்த ஆண்டுகளில் இந்த விளையாட்டு பேய் வழிபாடு என்று அமெரிக்கப் பெற்றோர் சிலரும் சமயக் குழுக்களும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1985இல் அதே நூலின் பெயர் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லோர்’ என்று மாறியது. அட்டை புதிது; உள்ளே தெய்வங்களும் அவர்களுடைய புள்ளிகளும் அப்படியே. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பேய், பிசாசு என்ற சொற்களையும் விலக்கினார்கள்; பிறகு புதுப்பெயர் சூட்டினார்கள். பேய்கள் புதிய விசிட்டிங் கார்டுடன் பழைய வேலையையே பார்த்தன.

இனி நடுநாயகமான சான்று. கனடாக்காரர் எட் கிரீன்வுட் சிறுவயது முதல் கட்டி வளர்த்த கற்பனை உலகம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். அது 1987இல் இந்த விளையாட்டுக்கு வந்து சேர்ந்தது. அங்கே தெய்வங்கள் எப்படி வேலைக்கு எடுக்கப்பட்டார்கள் என்பதற்கு ஒரு தலபுராணமே உண்டு. சாவு, சண்டை, கொலை எல்லாவற்றையும் ஜெர்கல் என்ற ஒருவரே கவனித்துவந்தார். அவருக்கு வேலை சலித்துவிட்டது. பேன், பால், மிர்குல் என்ற மூன்று மனிதர்கள் அவரைக் கொன்று இடத்தைப் பிடிக்க வந்தபோது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டார். மூவரும் பங்கு பிரிக்க மண்டையோட்டை உருட்டி விளையாடினார்கள். வென்ற பேன் கொடுங்கோலையும், மிர்குல் இறந்தோரையும், பால் கொலையையும் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்கல் எங்கும் போகவில்லை. ஓய்வு பெற்ற அலுவலகத்திலேயே செத்தவர் பெயரெழுதும் எழுத்தராக உட்கார்ந்துவிட்டார்.

1989இல் விதிகள் மாறியபோது சிக்கல் எழுந்தது. நேற்றுவரை ஒரு மாதிரி வேலை செய்த மந்திரம் இன்று வேறு மாதிரி வேலை செய்கிறது. கூலிக்கொலைஞன் என்ற வேடமே நூலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. விதி மாறிவிட்டது, இனி இப்படி ஆடுங்கள் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்திருக்கும். விளையாட்டின் நிறுவனமோ மூன்று நாவல் வெளியிட்டது. அவற்றின்படி, தெய்வங்களுக்கெல்லாம் மேலதிகாரியாகிய ஏயோவின் விதிப்பலகைகளைப் பேனும் மிர்குலும் திருடிவிட்டார்கள். அந்த உலகத்துக் கணக்கில் 1358ஆம் ஆண்டு. திருடியது யார் என்று விசாரிக்காமல், ஏயோ மொத்த அலுவலகத்தையும் பூமிக்குக் களப்பணிக்குத் தள்ளிவிட்டார். காவல் தெய்வம் ஹெல்ம் மட்டும் வாசலில் நின்றார். மந்திரத்துக்கு அதிபதியான மிஸ்த்ரா படியேறித் திரும்பி வந்தாள். பலகை இல்லாமல் யாரையும் விடக் கூடாது என்று ஹெல்முக்கு உத்தரவு. அவள் கேட்கவில்லை. அவர் கொன்றுவிட்டார். மந்திரம் தாறுமாறானது. ஆட்டத்தில் மந்திர விதி ஏன் மாறியது என்பதற்கு விளக்கமும் கிடைத்துவிட்டது.

கூலிக்கொலைஞர்கள் என்ன ஆனார்கள் எனின், பேன் தனக்குச் சக்தி ஏற்றிக்கொள்வதற்காக அந்த உலகத்தில் இருந்த அத்தனை கூலிக்கொலைஞர்களின் உயிரையும் ஒரேயடியாக உறிஞ்சிவிட்டான். விதிநூலில் ஓர் அத்தியாயத்தை அடித்தால் ஒரு தொழிற்பிரிவே மாண்டுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று உலக இலக்கியத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. கலவரம் அடங்கியதும் காலியிடங்கள் நிரப்பப்பட்டன. மிட்நைட் என்ற மந்திரக்காரி மிஸ்த்ரா ஆனாள். சிரிக் என்ற திருடன், கலவரத்தில் செத்த பேன், பால், மிர்குல் மூவரின் துறைகளையும் கூடுதல் பொறுப்பாகப் பெற்றான். இனி அடியார் அளவே தெய்வத்தின் பலம் என்று ஏயோ ஆணையிட்டார்.

மிஸ்த்ராவின் பதிவேட்டைத் தனியாகப் புரட்ட வேண்டும். அவளுக்கும் முன்னே மிஸ்ட்ரில் என்று ஒருத்தி இருந்தாள். கார்சஸ் என்ற பேராசைக்காரன் அவள் இடத்தைப் பறிக்கப் பார்த்ததில் அவளும் மாண்டாள். அதற்குப் பிறகு வந்தவள் ஒன்பதாம் படிக்கு மேல் மந்திரம் கிடையாது என்று தடைபோட்டாள். விதிநூலிலும் மந்திரப் படி ஒன்பதோடு நிற்பது தற்செயல் என்று நம்புவோர் நம்பட்டும். 2008இல் நான்காம் பதிப்பு மந்திர விதிகளைத் தலைகீழாக்கியது. மிஸ்த்ராவைச் சிரிக் கொன்றான். 2014இல் ஐந்தாம் பதிப்பு பழைய முறைக்குத் திரும்பியது; அவளும் திரும்பிவிட்டாள்.

சரி, இத்தனை பாடுபடும் தெய்வத்தால் அடியாருக்கு என்ன பயன்? 2014 விதிப்படி, 10ஆம் லெவல் கிளெரிக் நேரடியாக உதவி கேட்கலாம். நூறு வரை காட்டும் பகடையை உருட்டி 10 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் தெய்வம் வரும். பத்துக்கு ஒன்பது முறை வராது. வந்துவிட்டால் அடுத்த ஏழு நாளைக்குக் கூப்பிட முடியாது. 20ஆம் லெவலில் பகடையே வேண்டாம், கட்டாயம் வரும். அந்த லெவலில் உதவி யாருக்குத் தேவை என்பது வேறு விஷயம். இதே கேள்விக்கு 1978இல் கேயாசியம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட் சொல்லும் விடை எனக்கு இன்னும் நேர்மையாகப் படுகிறது. அங்கே அடியவர் தம் ஆன்மபலத்தின் எண்ணுக்குள் உருட்ட வேண்டும். விழுந்த எண் எவ்வளவோ அவ்வளவு ஆன்மபலம் நிரந்தரமாகப் போய்விடும். சரியாக அந்த எண்ணே விழுந்தால் உதவியும் வரும், ஆன்மாவும் போகும். நேர்த்திக்கடனை முன்கூட்டியே பிடித்தம் செய்துகொள்ளும் முறை இது.

அஃதேல், பதிப்பு மாறும்போது மிஸ்த்ரா சாவதே விதியானால், 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அவள் சாகவில்லையே எனின், உண்மைதான். அந்தப் பதிப்பில், ஃபர்காட்டன் ரெல்ம்ஸுக்குச் சக்கர வடிவில் இருந்த வானுலக வரைபடத்தை மர வடிவமாக மாற்றியதோடு நிறுத்திக்கொண்டார்கள். இலக்கண நூலார் இதைப் புறனடை என்பர். 2024இல் விதிநூல்கள் மறுபடி திருத்தப்பட்டனவே, அப்போதும் அவள் பிழைத்திருக்கிறாளே எனின், அதைப் புதிய பதிப்பு என்று சொல்ல நிறுவனமே ஒப்பவில்லை. ஆகவே விதி பிழைக்கவில்லை.

இந்த ஆட்டத்தில் சேரும் எண்ணமுள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டன்ஜன் மாஸ்டர் உங்களைப் பார்த்து எந்தத் தெய்வம் என்று கேட்டால் மந்திரத் துறைப் பக்கம் போகாதீர்கள். ஜெர்கலைச் சொல்லுங்கள். எழுத்தர் பதவி எந்தப் பதிப்பிலும் ஒழிக்கப்பட்டதில்லை.