தலவிலவுக்கு ஹைவே வேண்டுமா?

கேள்வி: பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு அமெரிக்காவில் உள்ளதுபோல ஒரு அதிவேகப்பாதை போட்டால், வழியிலுள்ள தலவிலக் கடைக்காரர்களின் யாவாரம் ஓஹோ என்று வராதா?
– வாசகர், கற்பிட்டி

பதில்: வரும், அதே வேகத்தில் போயும் விடும். அமெரிக்காவில் 1926இல் சிக்காகோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ்வரை 'ரூட் 66' என்றொரு வீதி போட்டார்கள். வழிநெடுக சாப்பாட்டுக்கடை, தங்குமடம், பெற்றோல் செட் என்று ஊர்கள் தழைத்தன. 1956இல் ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் பெரும் நெடுஞ்சாலைகள் வந்தன. வாகனங்கள் அந்த ஊர்களின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பல கடைகளுக்குப் பூட்டு. 1985இல் ரூட் 66 என்ற பெயரையே அரசாங்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தலவிலவில் யாவாரம் நடப்பது ஆட்கள் வேகமாக வருவதால் அல்ல, வந்தவர்கள் கிளம்பாமல் இருப்பதால். மார்ச்சிலும் ஓகஸ்டிலும் அங்குள்ள அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, நாட்கணக்கில் கிடக்கிறார்கள். மெழுகுதிரி, செபமாலை, போகும்போது ஒரு பை கருவாடு. நகர அபிவிருத்தி நிபுணர்கள் கோடிகோடியாய்ச் செலவழித்துத் தேடுகிற 'நடந்து திரியும் கடைவீதி' இதுதான். இங்கே மணலில் சும்மா முளைக்கிறது.

வாகனம் வந்தால்தான் யாவாரம் என்பதும் இல்லை: கடைக்கு இத்தனை வாகனத் தரிப்பிடம் கட்டாயம் என்ற விதியை அமெரிக்காவின் பஃபலோ நகரமே 2017இல் தூக்கிவிட்டது. நீங்கள் ஹைவே கேட்கிறீர்கள்! புத்தளத்திலிருந்து கூடுதலாக நாலு பஸ் கேளுங்கள். திருவிழா நாளில் ஃபுட்போர்டில் தொங்குகிறவருக்கு அதுவே பெரிய அபிவிருத்தி.