கதவளவு காசோலை

அண்ணன் மகள் கோலாலம்பூரில் அனைத்துலக வணிகம் படிக்கிறாள். தேயிலை மலையிலிருந்து இறங்கிப் போன பிள்ளை. எங்களுக்கெல்லாம் அத்தனை பெருமை. போன விடுமுறைக்கு எங்கள் மலையூரான கம்போங் ராஜாவுக்கு வந்தவள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சித்தப்பா, பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு பத்தி அசைன்மென்ட். தோட்டத்தையே எழுதலாம்னு இருக்கேன். கம்பெனிங்க நம்ம சனங்களுக்கு என்னென்ன செஞ்சிருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

துரை பங்களாவைச் சுற்றி ரோஜாச்செடி வைத்தார்கள். அதைச் சேர்க்கலாமா என்று அவளுடைய பாடப்புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன்.

அழகான புத்தகம். அட்டையில் ஓர் உள்ளங்கை, அதில் ஒரு பிடி மண், மண்ணில் இளங்கன்று. நகத்தில் கறை இல்லை. ஆகவே கொழுந்து கிள்ளிய கை இல்லை. உள்ளே, ஒரு கம்பெனி படிப்படியாக நல்லவனாகிற கதை. அடியில் லாபம், அதன்மேல் சட்டம், அதன்மேல் அறம், உச்சியில் கொடை. ஆர்ச்சி கேரல் என்பவர் 1991இல் கட்டிய பிரமிடாம். பிரமிடு என்றாலே எனக்குக் கல் சுமந்தவன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். என் புத்தி அப்படி.

"எழுதிக்கோ" என்றேன். "முதல் தொண்டு, ஆள் கொண்டுவந்தது." கங்காணி ஊருக்குப் போய் முன்பணம் கொடுப்பான், கப்பலேற்றுவான், அந்தக் கடன் தீரும்வரை கொழுந்து எடுக்கலாம், பால் வெட்டலாம். கடனோடு சாக மட்டும் கங்காணி விடமாட்டான். இரண்டாம் தொண்டு, கூலி. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் மலாயாத் தோட்டங்களில் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 ஆனது, பெண்ணின் கூலி 40இலிருந்து 32 ஆனது. புத்தகத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது: இடர்ப் பகிர்வு. லாபம் கொழித்த ஆண்டுகளில் என்ன பகிர்ந்தார்கள் என்ற பாடம் அச்சுப்பிழையால் விடுபட்டிருக்கலாம். மூன்றாம் தொண்டு, மரியாதை கற்பித்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலை நிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்டார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது. பங்குதாரர் கலந்துரையாடல் என்று போட்டுக்கோ.

பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, தட்டச்சு செய்யவில்லை. "சித்தப்பா, நல்லதா ஏதாவது சொல்லுங்க. ஸ்கூல், ஆயாக் கொட்டகை, வீடு…"

அங்கேதான் எனக்கு அடிவயிறு எரிந்தது. தோட்டப் பள்ளி எவன் வீட்டுத் தானமும் இல்லை. பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைப்பது முதலாளி பொறுப்பு என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. எத்தனையோ தோட்டங்களில் அந்தச் சட்டத்துக்கு ஒரு கொட்டகையையும், கணக்கு எழுதி முடித்த கிராணியையும் காட்டித் தப்பித்தார்கள். வீடு? 1990இல் வந்த 446ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சம்பளம்? 2025 முதல், மாதத்துக்கு 1,700 ரிங்கிட்டுக்குக் கீழே கொடுத்தால் குற்றம். இவையெல்லாம் கொடுத்தே ஆக வேண்டியவை. பளபளப்பான ஆண்டறிக்கையில் ஏறும்போது மட்டும் 'சமூகத்துக்கு எங்கள் பங்களிப்பு' ஆகிவிடுகின்றன. பிக்பாக்கெட் அடிக்காமல் பஸ்ஸிலிருந்து இறங்கியதற்கு மாலை கேட்கிற கதை. பிரமிடின் இரண்டாம் படியில் கிடக்கிற பாக்கியை உச்சிக்குத் தூக்கி, கதவளவு காசோலையாக அட்டையில் செய்து, நான்கு பேர் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதற்குத்தான் மூன்றாண்டுப் படிப்பு.

கங்காணி போய்விட்டான் என்கிறாயா? ஏஜெண்டு வந்துவிட்டான். 2020 டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது; காரணம், கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள். நிலைத்தன்மைச் சான்றிதழ் பெற்ற எண்ணெயில் உலகத்திலேயே முதலிடம் என்று சொல்லிக்கொண்ட கம்பெனி. அப்புறம், வேலைக்கு வர ஏஜெண்டுக்குக் கடன்பட்டுக் கட்டிய பணத்தைத் தொழிலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது, 8 கோடி ரிங்கிட்டுக்கு மேல். இத்தனை காலமும் சான்றிதழ்களின் கண்ணில் படாத கடன், கப்பல் நின்றதும் பளிச்சென்று தெரிந்திருக்கிறது.

"இதெல்லாம் மலைக்குக் கீழ நடந்த கதை. இங்க?" என்றாள்.

இங்கேதான் அனைத்துலக வணிகத்தைச் சுத்தமாகப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் பட்டணம் போன பிறகு, ஆள் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து வருகிறது. கோசும் தக்காளியும் சிங்கப்பூருக்குப் போகின்றன. நடுவில் மலை இருக்கிறது, அதைச் சீவிக் கூடாரம் போட வேண்டியதுதான். 2024 ஜனவரி 26, விடியாத இருட்டில் இதே மலையின் ப்ளூ வேலியில் மண் சரிந்தது. ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் மண்ணுக்கடியில் போனார்கள். ஒருவர் பெயரும் இந்தக் கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது. கோஸ் விலை மட்டும் அன்று மாலையே தெரியும். அவர்களைப் பிரமிடில் எந்தப் படியில் வைப்பது என்று கேட்டேன்.

பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. பிறகு உட்கார்ந்து எழுதினாள், இரவு முழுக்க. 'பங்களிப்பு' என்று புத்தகம் சொன்ன இடத்திலெல்லாம் 'கடன்' என்று போட்டிருந்தாள். படித்துக் காட்டினாள். அண்ணனுக்குப் புரியவில்லை, அண்ணிக்குப் புரிந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது.

"சித்தப்பா, திருப்பிக் கொடுத்துட்டாங்க. 'கடன்'ங்கற வார்த்தைய எல்லாம் சிவப்பு மையில சுழிச்சு, கலைச்சொல் தப்பாம். மாத்திக் கொடுத்தா மார்க் தர்றாங்களாம்."

"என்னம்மா பண்ணே?"

"ஸ்காலர்ஷிப் இருக்கே, சித்தப்பா. ஒரு கம்பெனிதான் தருது."